மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்கப்படுவது எது?

பெருங்குடி மாடிவீடு:
வணக்கம். எங்கள் குடியிருப்பு வளாகத்தில் சுற்றுச்சுவரை ஒட்டி முழுக்க ஒரு படர்செடி பரவியிருக்கிறது. ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வைத்தோம். கொடுத்தவர் "மஞ்சள் கரிசலாங்கண்ணி அம்மா, மூலிகை, கீரையாகவும் சமைக்கலாம்" என்றுதான் சொன்னார். இலை தடிப்பாக, எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பாக இருக்கிறது. ஓரத்தில் பெரிய பற்கள். நுனிப்பக்கம் மூன்று கூறாகப் பிரிந்த மாதிரித் தெரிகிறது. பூ நல்ல மஞ்சள், பெரியது. கீழ்வீட்டுப் பாட்டி இதைப் பறித்துப் பருப்பில் போட்டுக் கடைய ஆரம்பித்துவிட்டார். நேற்று எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் என் பிறந்த வீட்டில் சாப்பிட்ட மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கலாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் ஒன்றுதானா? அந்தக் கட்டை இன்னும் சமைக்கவில்லை.

கொள்ளிடக்கரை:
சமைக்காதீர்கள். நீங்கள் சொல்வது கரிசலாங்கண்ணியே இல்லை. நெடுஞ்சாலை நடுவில் திட்டுத் திட்டாக வைத்திருக்கிறார்களே, அந்தச் செடி. எங்கள் பக்கம் வாய்க்கால் கரை வரைக்கும் வந்துவிட்டது. ஆடுகூட ஆசைப்பட்டு மேய்வதில்லை.

மலைக்கோட்டை (தாவரவியல் ஆசிரியை, ஓய்வு):
பெருங்குடி அம்மா, நீங்கள் எழுதிய வருணனையே போதும், படம் தேவையில்லை. மூன்று கூறான பளபளப்பான இலை என்றால் அது ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் அதன் தாயகம். தரைமூடியாக அழகுக்கு வைக்கக் கொண்டுவந்த செடி. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த "உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள்" பட்டியலில் இது இருக்கிறது. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இருக்கும் அதே பட்டியல்.

உங்கள் பிறந்த வீட்டில் சாப்பிட்டது ஸ்ஃபாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. அதுதான் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி, சித்த மருத்துவர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்பது. நெருங்கிய உறவினம், அதனால்தான் இத்தனை குழப்பம்.

பூவை வைத்துப் பிரிக்கப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இரண்டிலும் ஓர் ஒற்றை மஞ்சள் பூங்கொத்து நீண்ட காம்பின் மேல் நிற்கும். இலையைப் பாருங்கள். நம் செடியின் இலை ஈட்டி வடிவம் அல்லது நீள்வட்டம், கூறே இருக்காது, ஓரத்தில் இரண்டொரு மங்கலான பற்கள் இருந்தால் உண்டு, இருபுறமும் அழுத்தமான சிறு மயிர்கள் சொரசொரப்பாக இருக்கும், இலைக்காம்பு இல்லையென்றே சொல்லலாம். அயல்செடி இலையின் இரு தோள்களிலும் பக்கவாட்டில் ஒவ்வொரு கூறு துருத்திக்கொண்டு நிற்கும். நிழலில் வளர்ந்த இளந்தண்டில் கூறு சரியாகத் தெரியாமல் போவதுண்டு. அதனால் ஒரு கொழுந்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வெயிலில் வளர்ந்த முதிர்ந்த இலைகள் நாலைந்தைப் பாருங்கள்.

பெருங்குடி மாடிவீடு:
நன்றி அம்மா. கட்டு குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் பாட்டி கேட்கமாட்டேன் என்கிறார். "பண்ணைக்காரன் சீட்டில் எழுதியிருக்கிறானே" என்று சொல்கிறார். சீட்டில் "வெடேலியா" என்று இருக்கிறது. கைப்பேசியில் தேடினால் வெடேலியா மூலிகை என்றுதான் வருகிறது!

மலைக்கோட்டை:
சிக்கலின் வேரே அந்தச் சீட்டுதான். பழைய நூல்களில் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குப் பெயர் வெடேலியா கலெண்டுலேசியா, சிலவற்றில் வெடேலியா சைனென்சிஸ். அமெரிக்கச் செடிக்கு வெடேலியா ட்ரைலோபேட்டா. 1996-இல் இரண்டையும் சேர்த்து ஸ்ஃபாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நாற்றுப்பண்ணைகள் மாறவில்லை, வெறும் "வெடேலியா" என்று எழுதி விற்கின்றன. வாங்குகிறவர் தேடிப் பார்க்கிறார், மூலிகை என்று கிடைக்கிறது, கீரையாகிவிடுகிறது. பண்ணைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்றுகூடச் சொல்லமுடியாது.

நம் செடியை 1753-இல் லின்னேயஸ் இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து விவரித்தார். அதாவது அது இந்தப் பக்கத்துச் செடி என்பதில் அப்போதே சந்தேகம் இல்லை.

சும்மா கேட்கிறேன்:
உறவுச் செடிதானே? அயல்செடியிலும் அதே சத்து இருக்கலாம் அல்லவா? தக்காளி கூட அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. நாம் சாப்பிடவில்லையா? எல்லாவற்றுக்கும் "ஊடுருவி" என்று பயமுறுத்துகிறீர்கள்.

நாகர்கோவில் வைத்தியர்:
தம்பி, தக்காளியைத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தின்று பார்த்திருக்கிறார்கள். தக்காளியின் குடும்பத்தில்தான் ஊமத்தையும் இருக்கிறது. உறவு என்பதற்காக ஊமத்தங்காயில் ரசம் வைப்பீர்களா? ஒரு செடியை உண்ணலாம் என்பதற்கு அதன் உறவுமுறை சான்று ஆகாது. பொற்றலைக் கையானை நம் மக்கள் நீண்ட காலமாக உணவிலும் மருந்திலும் சேர்த்து வந்திருக்கிறார்கள், அந்த அனுபவம் அந்தச் செடிக்கு மட்டும்தான் உரியது.

இன்னொன்று. மஞ்சளா வெள்ளையா என்று இங்கே அடுத்துக் கேட்கப் போகிறார்கள், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். வெள்ளைப் பூ பூப்பது எக்ளிப்டா ப்ராஸ்ட்ரேட்டா. கரிசாலை, கையாந்தகரை, கைகேசி, கரிப்பான் எல்லாம் அதுதான். வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில், ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே தானாக முளைக்கும். தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு மை, கல்லீரலுக்கு மருந்து என்று பெரும்பாலும் கையாளப்படுவது அது. மஞ்சள், கீரைக்கு உகந்தது. கசப்பும் காரமும் குறைவு. கீரைக்காரரிடம் கேட்டால் மஞ்சள்தான் கொடுப்பார், நாட்டுமருந்துக் கடையில் பொடியாகக் கேட்டால் பெரும்பாலும் வெள்ளைதான் இருக்கும்.

வடலூர் வழி:
வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். வள்ளலார் அன்றாட ஒழுக்கம் பற்றிச் சொன்ன நித்திய கரும விதியில் பொற்றலைக் கையாந்தகரை இலையைத்தான் சொல்லியிருக்கிறார், தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் இவற்றோடு. மஞ்சளைக் கீரை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கு அது ஞான மூலிகை. அன்பர்கள் பலர் காலையில் காப்பிக்குப் பதில் இந்தப் பொடி போட்ட நீர்தான் அருந்துகிறார்கள்.

நாகர்கோவில் வைத்தியர்:
ஒதுக்கவில்லை ஐயா. கீரை என்று சொல்வது என் வாயில் குறைவான பேச்சே அல்ல. அன்றாடம் உட்கொள்ளத் தக்கது எது என்று பார்த்துத்தான் அவர் அதைச் சொல்லியிருக்கிறார் என்பது என் எண்ணம். கடும் மருந்தை யாரும் தினமும் காலையில் குடிக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்பர்கள் வளர்க்கும் செடியை மேலே அம்மையார் சொன்ன முறையில் ஒருமுறை இலை பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். தெற்கே ஓரிடத்தில் மூலிகைத் தோட்டம் என்று பெயர்ப்பலகை வைத்து, பொற்றலைக் கையான் என்று எழுதி, அமெரிக்கச் செடியை வளர்த்திருந்ததை நானே பார்த்தேன்.

பழைய வேதியியல் மாணவன்:
இந்த இழையில் ஒரு செய்தியைச் சேர்க்காமல் போக மனம் வரவில்லை. தலைமுடி எண்ணெய் விளம்பரத்திலும் கல்லீரல் மாத்திரை அட்டையிலும் பெரிதாகச் சொல்லப்படும் பொருள் வெடெலோலாக்டோன். இதன் அமைப்பைக் கண்டறிந்தது சென்னை மாநிலக் கல்லூரியில். டி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பை மூவரும் 1956-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி வெள்ளை அல்ல, மஞ்சள்! அன்று அதற்கு வெடேலியா என்று பெயர் இருந்ததால் சேர்மத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே சேர்மமும், ஒரு மீத்தைல் குறைந்த அதன் தம்பியும் இருப்பது தெரிந்தது. மெரினாவைப் பார்த்து நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில், இன்றைய கருவிகளில் பாதிகூட இல்லாத காலத்தில் செய்த வேலை அது. கோவிந்தாச்சாரி அந்தக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். இதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

சும்மா கேட்கிறேன்:
அப்படியானால் இரண்டிலும் ஒரே சேர்மம். வைத்தியர் சொன்ன வெள்ளை-மஞ்சள் வேறுபாடு வெறும் மரபுப் பேச்சா?

பழைய வேதியியல் மாணவன்:
ஒரு சேர்மம் பொதுவாக இருப்பதால் இரண்டு செடியும் ஒன்றாகிவிடாது. இலை என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை, அளவும் நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால்தான் ஆய்வகத்தில் எலிக்குக் கொடுத்த சாற்றைப் பற்றிய முடிவை வைத்துக்கொண்டு கடையில் இருக்கும் பொடியைப் பற்றிப் பேசமுடியாது. எடுத்துக்காட்டாக, 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வெண்ணிற எலிகளின் முதுகில் ரோமத்தை நீக்கி, வெள்ளைக் கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தடவி, முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரோமம் விரைவாக முளைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அவ்வளவுதான் அது. எலியின் முதுகு வேறு, நாற்பது வயதில் பரம்பரையாக வழுக்கை விழும் ஆணின் உச்சந்தலை வேறு.

மொட்டையடித்த முருகன்:
என் உச்சந்தலையைப் பற்றி இங்கே யார் பேசியது?

பாலக்காட்டுப் பெண்:
எங்கள் வீட்டில் வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்குப் பெயர் கையோன்னி. திருவாதிரைக்குப் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பத்தில் இதுவும் ஒன்று. பத்துச் செடிகளில் இன்னும் இரண்டு இதே சூரியகாந்திக் குடும்பம்: பூவாங்குறுந்தல் என்ற பூவாங்குறுநிலை, முயற்செவி. மூன்றும் காலடியில் மிதிபடும் களைகள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கடையில் வாங்கும் பூ ஒன்றுகூட அதில் இல்லை.

எண்ணெய் காய்ச்சும் முறையை யாராவது விளக்கமாக எழுதுங்களேன். என் அத்தை காய்ச்சினால் ஒரு வருடம் கெடாது, நான் காய்ச்சினால் அடியில் பாசி பிடிக்கிறது.

நாகர்கோவில் வைத்தியர்:
பாசி பிடிக்கிறது என்றால் நீர் வற்றவில்லை, அவ்வளவுதான். வெள்ளைக் கரிசாலையைச் சமூலமாக, அதாவது வேரோடு எடுத்து, மண் போக நன்றாக அலசி, தண்ணீர் சேர்க்காமல் இடித்துச் சாறு பிழியுங்கள். சாற்றுக்குச் சம அளவு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ. அடி கனமான பாத்திரம், சிறு தீ. முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு சிடசிடவென்று ஓசை வரும். அந்த ஓசை அடங்கும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் தங்கும் கல்கத்தை எடுத்து விரலில் உருட்டுங்கள். மெழுகுபோல் திரண்டால் மெழுகுப் பதம். இன்னும் சற்று விட்டால் மணல்போல் நறநறக்கும், அது மணல் பதம். தலைக்குத் தேய்க்க மணல் பதத்தை ஒட்டி இறக்குவது என் வழக்கம். ஐயம் இருந்தால், திரியில் ஒரு சொட்டு எண்ணெயை நனைத்துக் கொளுத்துங்கள். சடசடத்தால் உள்ளே நீர் இருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சாதீர்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். உங்கள் அத்தை செய்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

கறுப்பு வேண்டுமானால் இரும்பு வாணலி. இரும்பும் சாற்றின் துவர்ப்பும் சேர்ந்து நிறம் ஏறும்.

பாலக்காட்டுப் பெண்:
மிக்க நன்றி வைத்தியர் ஐயா. அத்தை தீயைப் பற்றி மட்டும் சொன்னார், திரியைப் பற்றிச் சொல்லவே இல்லை!

புதிய தாய்:
கண் மையும் இதில்தானே செய்வார்கள்? என் குழந்தைக்கு வைக்க மாமியார் செய்யப் போகிறார். வெள்ளைத் துணியைச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துப் புகையைப் பிடிப்பார்களாம்.

நாகர்கோவில் வைத்தியர்:
முறை சரிதான் அம்மா. கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். ஆனால் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் வேண்டாம். நான் சித்த மருத்துவன், எங்கள் மரபை விட்டுக்கொடுத்துப் பேசுபவன் அல்ல. இருந்தாலும் விரல் நகத்தில் இருக்கும் அழுக்கு கண்ணுக்குள் போவதை எந்த மரபும் தடுக்காது. கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாமியார் மனமும் நோகாது.

கொள்ளிடக்கரை:
எல்லாரும் வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் பெருமையைப் பாடுகிறீர்கள். எங்களுக்கு அது களை. நடவு முடிந்து தண்ணீர் கொஞ்சம் வற்றினால் போதும், திமுதிமுவென்று முளைத்துவிடும். பூ உதிர்ந்தால் ஆயிரக்கணக்கில் விதை. அந்த விதைக்குச் சிறகோ பஞ்சோ கிடையாது, தண்ணீரோடு மிதந்து அடுத்த வயலுக்குப் போகும். முன்பு களையெடுக்க வரும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், பாதிக் களை கீரையாகிவிடும். இப்போது ஆள் கிடைக்காமல் மருந்து அடிக்கிறோம்.

அதைத்தான் சொல்ல வந்தேன். வரப்பில் பச்சையாக நிற்கிறதே என்று நகரத்திலிருந்து வந்து பறித்துக்கொண்டு போகிறவர்களே, அந்த வயலில் களைக்கொல்லி எப்போது அடித்தது என்று வயல்காரனிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வோம். கேட்காமல் பறித்துச் சாறு குடித்துவிட்டு, பிறகு மூலிகையைத் திட்டாதீர்கள்.

மலைக்கோட்டை:
கொள்ளிடக்கரையார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செடி சாக்கடை ஓரத்திலும் தழைக்கும், தொழிற்சாலைக் கழிவுநீர் போகும் ஓடையிலும் தழைக்கும். மண்ணில் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. ஈரமும் வெயிலும் இருந்தால் ஒரு மண்தொட்டியில் அருமையாக வரும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் ஆழமாகப் புதைக்காமல் மேலே தூவி விடுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதே உத்தமம்.

ஈரோட்டுக்காரன்:
எனக்கும் ஓர் ஐயம். படம் இணைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றுமேட்டில் இருக்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஒரு சாண் உயரக் காம்பின் மேல் ஒரே ஒரு பூ. இது வெள்ளைக் கரிசலாங்கண்ணிதானே?

மலைக்கோட்டை:
இல்லை. அது கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள், பிள்ளைகளுக்குத் தாத்தாப்பூ. ட்ரைடாக்ஸ் ப்ரொகும்பென்ஸ். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நடுவட்டம் மஞ்சள், சுற்றி வெளுத்த இதழ்கள் நாலைந்து மட்டும், ஒவ்வொன்றின் நுனியும் மூன்றாகப் பிளந்திருக்கும், விதை பஞ்சோடு காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணிப் பூ இதைவிடச் சிறியது, சட்டைப் பொத்தான் அளவுகூட வராது. இலைக்கக்கத்திலிருந்து குட்டைக் காம்பில் ஒன்றோ இரண்டோ வரும். சுற்றி மயிர்போல ஏராளமான வெள்ளை இதழ்கள், நடுவும் வெளுப்புதான். விதைக்குப் பஞ்சு கிடையாது. இன்னும் ஐயமா? இளந்தண்டைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள், சாறு பட்ட இடம் கறுத்துவிடும்.

தாத்தாப்பூவின் தலையைக் கட்டைவிரலால் சுண்டி, "தாத்தா தாத்தா காசு கொடு" என்று விளையாடியிருப்பீர்களே ஈரோட்டுக்காரரே? கரிசலாங்கண்ணியில் அந்த விளையாட்டு நடக்காது, காம்பு போதாது.

ஈரோட்டுக்காரன்:
விளையாடியிருக்கிறேன் அம்மா. தரவில்லை என்றால் தலையை வெட்டிவிடுவோம். நல்ல வேளை, இதைக் காய்ச்சித் தலையில் தேய்க்கவில்லை.

காமாலை அனுபவம்:
என் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் அரைத்து மோரில் கொடுத்துத்தான் சரியானது. ஆங்கில மருத்துவத்தில் காமாலைக்கு மருந்தே கிடையாது. மருத்துவமனைக்குப் போனால் பணம்தான் போகும். இதை யாரும் மறுக்க முடியாது.

செவிலி (அரசுப் பணி):
அண்ணன் குணமானதில் மகிழ்ச்சி. ஆனால் மறுக்காமல் இருக்க முடியவில்லை. காமாலை என்பது அறிகுறி, நோய் அல்ல. அசுத்தமான நீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் போகும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருந்தால்? ஹெபடைட்டிஸ் பி முற்றியிருந்தால்? கணையத்தில் கட்டி இருந்தால்? எல்லாவற்றிலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்த பிறகு எந்தக் கீரையை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். ஊரில் கண்ணுக்கு மருந்து விடுகிறேன், கையில் சூடு போடுகிறேன் என்று நாள் கடத்திவிட்டு, வயிறு வீங்கி, நினைவு தடுமாறிய நிலையில் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்ய?

காமாலை அனுபவம்:
நீங்கள் உங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறீர்கள்.

நாகர்கோவில் வைத்தியர்:
தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். செவிலி அம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. என்னிடம் காமாலை என்று வருகிறவரையும் முதலில் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். கரிசாலை கல்லீரலுக்கு உகந்தது என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு, அதைக் கொடுக்கவும் செய்கிறேன். எந்தக் காமாலை என்று தெரியாமல் கொடுப்பதற்கு மருத்துவம் என்று பெயர் இல்லை.

பழைய வேதியியல் மாணவன்:
இதே வகையில் இன்னொரு பேச்சும் சுற்றுகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடிக்குக் கரிசலாங்கண்ணி என்பார்கள். 1989-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதன் சாறும் வெடெலோலாக்டோனும் தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சை எலிகளில் முறித்ததாக எழுதினார்கள். உண்மையான ஆய்வு. ஆனால் அவர்களுடைய பாம்பு நம் ஊரில் கிடையாது. மேலும் நஞ்சையும் சாற்றையும் ஆய்வகத்தில் அளந்து சேர்ப்பது ஒன்று, கடிபட்ட காலோடு வரப்பில் மூலிகை தேடுவது வேறொன்று. கடித்தால் காலை அசைக்காமல் வண்டி பிடித்து, நஞ்சுமுறி ஊசி இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொள்ளிடக்கரை:
இதில் பேச்சே இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் பிழைத்ததும் ஊசியால்தான்.

சும்மா கேட்கிறேன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், தின்பதற்கு அல்ல. ஆனால் அமெரிக்கச் செடி அழகாக இருக்கிறது, தண்ணீர் குறைவாகக் கேட்கிறது, மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பெருங்குடி அம்மா சுவரோரத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே? யாருக்கு என்ன நட்டம்?

மலைக்கோட்டை:
சுவரோரத்தில் நிற்காது என்பதுதான் நட்டம். தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால் வேர் விடும். பாய்போல அடர்ந்து கீழே இருக்கும் அத்தனையையும் மூடிவிடும், அருகில் மற்ற செடிகள் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் மண்ணில் கலக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதைச் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். அங்கே இதை விற்கவே கூடாது. தென்சீனாவில் இன்னும் சிக்கல். இந்தச் செடியும் நம் பொற்றலைக் கையானும் அக்கம்பக்கத்தில் வளர்ந்த இடங்களில் இரண்டும் கலந்த ஒட்டினமே உருவாகிவிட்டது. குவாங்தோங் மாகாணத்தின் பெயரிலேயே அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அயல்செடி வாய்க்கால் கரைகளைப் பிடிக்கிறது. பொற்றலைக் கையான் வாழ்வதும் அதே ஈரக்கரைகளில்தான். ஒருபுறம் இடத்தைப் பறிக்கிறது, மறுபுறம் மகரந்தத்தையும் கலந்துவிட்டால், பிறகு இலை பார்த்துப் பிரிக்கலாம் என்று நான் மேலே எழுதியதுகூடச் செல்லாமல் போய்விடும்.

வடலூர் வழி:
படிக்கவே கலக்கமாக இருக்கிறது அம்மா. எங்கள் அன்பர்கள் தோட்டத்தில் இருக்கும் செடியை உறுதிசெய்ய யாரிடம் கொண்டுபோகலாம்?

மலைக்கோட்டை:
கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது, மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் தொகுப்பு) அங்கேதான். எங்கள் திருச்சியில் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பூவோடு ஒரு முழுத் தண்டை செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பறித்த இடத்தையும் நாளையும் எழுதிக் கொண்டுபோங்கள். முன்னதாக விசாரித்துவிட்டுப் போவது நல்லது. உங்கள் ஊர்க் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் அங்கேயே முடிந்துவிடும், இது கடினமான செடி அல்ல.

பெருங்குடி மாடிவீடு:
குடியிருப்புச் சங்கத்தில் பேசிவிட்டேன், பிடுங்கிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. பாட்டிக்கு இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். ஊமத்தங்காய் ரசம் என்ற இடத்தில் சிரித்துவிட்டு, "சரி, பிடுங்கு" என்றார். பதிலுக்கு உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணித் தண்டு வேண்டுமாம். பிறந்த வீட்டிலிருந்து அடுத்த முறை கொண்டுவருகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. பிடுங்கியதை என்ன செய்வது? தோட்டக்காரர் பின்பக்கம் ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்கிறார்.

கொள்ளிடக்கரை:
ஐயோ, வேண்டவே வேண்டாம் அம்மா! கொட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு ஏரிக்கரை முழுக்க அதுதான் இருக்கும். எங்கள் வாய்க்காலுக்கு வந்ததும் இப்படி யாரோ கொட்டித்தான். எருக்குழியிலும் போடாதீர்கள், ஈரத்தில் துளிர்க்கும். மொட்டைமாடித் தளத்தில் வெயிலில் பரப்பி, தண்டு ஒடித்தால் மடக்கென்று முறியும் வரை காயவிடுங்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நன்றாகச் சருகான பிறகு எங்கே போட்டாலும் பாதகமில்லை. பிடுங்கிய இடத்தில் ஒரு துண்டு வேர் விட்டுப்போயிருந்தாலும் மறுபடி வரும். அதனால் மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது தோட்டக்காரரைக் கொத்தச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.